சந்தானத்துக்கு முந்தைய சபாபதி

யூடியூப்ல ‘சபாபதி’ன்னு தட்டிப் பாருங்க. 2021-ல வந்த சந்தானம் படம் உடனே வரும். அதைத் தாண்டிக் கொஞ்சம் கீழே போனா, கோடு கோடா மழை பெய்யிற மாதிரி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைக்கும். முட்டைக் கண்ணோட ஒரு ஹீரோ, குடுமி மாதிரி எதையோ தலையில வச்சுக்கிட்டு முழிக்கிற ஒரு வேலைக்காரர். பெரும்பாலானவங்க அந்த இடத்துல ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவோம். இந்தக் கட்டுரை அந்த ரெண்டாவது படத்தைப் பத்தினது. இன்னொண்ணும் உண்டு: இலவசமா ஆன்லைன்ல கிடைக்கிற ஒரு படத்துக்காகச் சிலர் ஏன் பழைய பேப்பர் கடை பழைய பேப்பர் கடையா அலையறாங்கன்னும் பார்ப்போம்.

படம் வெளியானது 1941 டிசம்பர் 14. தயாரிச்சவர் ஏ.வி.மெய்யப்பன், பின்னாடி ஏவிஎம்னு நமக்குத் தெரிஞ்சவர். அப்போ அவர் நிறுவனத்தின் பெயர் பிரகதி பிக்சர்ஸ். ஏ.டி.கிருஷ்ணசாமியோட சேர்ந்து இயக்கவும் செய்தார். கதை பம்மல் சம்பந்த முதலியாருடைய நாடகம். பம்மல் 1873-ல பிறந்தவர், வக்கீலா இருந்து நீதிபதி ஆனவர். 1891-ல சுகுண விலாச சபையைத் தொடங்கி, ‘படிச்சவங்க நாடகம் போடலாமா?’ங்கிற கேள்விக்கே முற்றுப்புள்ளி வச்சவர். சிவாஜியின் ‘மனோகரா’வும் இவர் நாடகம்தான். அந்த ‘மனோகரா’ எழுதின அதே கை ‘சபாபதி’யையும் எழுதியிருக்கு, அதுவும் பல பாகங்களா!

சிதம்பரத்துக்காரங்களுக்கு இந்தப் படத்துல ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. நாயகன் பெயர் சபாபதி, நாயகி பெயர் சிவகாமி. பொன்னம்பலத்துல ஆடுறவரும் பக்கத்துல சந்நிதி கொண்ட அம்மனும்! நம்ம பக்கத்துத் தெருக்கள்ல ‘சபாபதீ’ன்னு ஒரு சத்தம் போட்டா குறைஞ்சது ரெண்டு பேராவது திரும்பிப் பார்ப்பாங்க. படத்தின் அடிப்படை ஜோக்கே இதுதான். எஜமானர் பெயர் சபாபதி, வேலைக்காரர் பெயரும் சபாபதி. ஒருத்தர் அப்பாவி, இன்னொருத்தர் அவரைவிட அப்பாவி. பணக்கார வீட்டுப் பிள்ளையான முதல் சபாபதிக்குப் படிப்பு ஏறலை, பரீட்சையில தேறலை. ரெண்டாவது சபாபதிக்கு எதைச் சொன்னாலும் சொன்ன வார்த்தைப்படியே செய்து முடிக்கிற வியாதி. இவங்களுக்கு நடுவுல ஒரு தமிழ் வாத்தியார் மாட்டிக்கிட்டு முழிக்கிறார். கே.சாரங்கபாணி அந்த வேஷத்துல பின்னியிருப்பார்.

இப்போ சோடா சீனுக்கு வருவோம். இந்தப் படத்தைப் பத்தி யார் பேசினாலும் அங்கேதான் வந்து நிப்பாங்க.

எஜமான் சபாபதி, ‘சோடா உடைச்சுக் கொண்டு வா’ங்கிறார். வேலைக்காரச் சபாபதி சோடா பாட்டிலையே உடைச்சுடறார். அவ்வளவுதான் ஜோக். எழுதிப் படிச்சா ஒண்ணுமே இல்லை. ஆனா கொஞ்சம் நின்னு யோசிங்க, இந்த ஜோக் வேலை செய்ய என்னென்ன தேவைப்படுதுன்னு.

முதல்ல ஒரு எந்திரவியல் விஷயம். கோலி சோடா பாட்டிலை 1870-கள்ல ஹிராம் காட்ங்கிற ஆங்கிலேயர் வடிவமைச்சார். கழுத்துல ஒரு கண்ணாடிக் குண்டு, வாய்ப்பக்கம் ரப்பர் வளையம். கார்பன் டை ஆக்சைடின் அழுத்தமே குண்டை ரப்பர்மேல தள்ளி அடைச்சுக்கும். மூடி கிடையாது, திருகு கிடையாது, உள்ளே இருக்கிற வாயுதான் மூடி. திறக்கணும்னா விரலாலோ கட்டையாலோ குண்டை உள்ளே தள்ளணும். ‘டப்’புன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தாலயோ என்னவோ, தமிழ்ல அதுக்குப் பெயர் ‘திறக்கிறது’ இல்லை, ‘உடைக்கிறது’. இன்னிக்கும் கடையில ‘அண்ணே, ஒரு சோடா உடைங்க’ன்னுதான் கேக்கறோம், பிளாஸ்டிக் பாட்டிலா இருந்தாலும்.

ஆக இந்த ஜோக்குக்கு ஒரு காட் பாட்டில் வேணும், ஒரு தமிழ் வினைச்சொல் வேணும், ‘சொன்னதைச் செய், எதிர்க்கேள்வி கேக்காதே’ன்னு பழக்கப்பட்ட ஒரு வேலைக்காரர் வேணும், அவரை ஏவியே பழக்கப்பட்ட ஒரு வீடும் வேணும். இந்த நாலும் ஒண்ணா இருந்த காலம்தான் 1941. இங்கிலீஷ்லயோ இந்தியிலயோ சப்டைட்டில் போட்டா இது செத்துப்போயிடும். புராணப் படம் ஒரு காலத்தின் பக்தியைக் காட்டும், ராஜா கதை அந்தக் காலத்தின் கனவைக் காட்டும். வீட்டுக்குள்ள எப்படிப் பேசினாங்க, எதைக் குடிச்சாங்க, யார் யாரை ஏவினாங்க, எதுக்குச் சிரிச்சாங்கங்கிறதைக் குடும்பக் காமெடிதான் காட்டும். படம் எடுத்தவங்க இதையெல்லாம் பதிவு பண்ணணும்னு நினைச்சு எடுக்கலை. அதனாலதான் அது நம்பகமான பதிவா இருக்கு.

அதே 1941-ல ஓடின மத்தப் படங்களைப் பாருங்க: பாகவதரின் ‘அசோக்குமார்’, பி.யு.சின்னப்பாவின் ‘ஆர்யமாலா’. கிரீடம், சாபம், பாட்டுக்கு மேல பாட்டு. நகைச்சுவை அந்தக் காலத்துல பெரும்பாலும் பெரிய படத்தோட ஒட்டிக்கிட்டு வர்ற தனிக் குட்டிப் படம், இல்லைன்னா கதைக்கு நடுவுல வந்துட்டுப் போற துணைக்கதை. ஒரு முழுப் படத்தையே ஒரு வீட்டுக் காமெடியா எடுக்கிறது அப்போ துணிச்சல்தான். அடுத்த வருஷமே ஏவிஎம் இதே பாணியில ‘என் மனைவி’ எடுத்தார், அதுல ஹீரோ நம்ம தமிழ் வாத்தியார் சாரங்கபாணி.

இன்னொரு விஷயம், எனக்கு இந்தப் படத்துல ரொம்பப் பிடிச்சது. சிவகாமி படிச்ச பொண்ணு. கல்யாணமாகி வந்து, பரீட்சையில கோட்டை விட்ட புருஷனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தேற வைக்கிறவள் அவள். 1941-ல, ‘பொண்ணுக்கு எதுக்குப் படிப்பு’ன்னு வீட்டுக்கு வீடு பேச்சு இருந்தப்போ, அதை ஒரு பிரசங்கமா வைக்காம சாதாரணமா வச்சிருக்காங்க. அரியர் வச்சிருக்கிற எல்லா நண்பர்களுக்கும் இந்தப் படத்தைச் சமர்ப்பிக்கலாம்.

நடிச்சவங்களைப் பத்திச் சுருக்கமா. ஹீரோ டி.ஆர்.ராமச்சந்திரன். பின்னாடி ‘நாம் இருவர்’, ‘வாழ்க்கை’, ‘அடுத்த வீட்டுப் பெண்’ணுன்னு வரிசையா வந்தவர். நமக்கு அடையாளம் தெரியணும்னா ‘அன்பே வா’வுல சரோஜாதேவிக்கு அப்பா. வேலைக்காரர் காளி என்.ரத்தினம். நாடகத்துல காளி வேஷம் கட்டிப் பெயர் வாங்கினதால காளி. பாய்ஸ் கம்பெனியில சின்னப் பையன் எம்.ஜி.ஆருக்கு நடிப்பு சொல்லிக் கொடுத்த வாத்தியார்! அப்பேர்ப்பட்டவர் திரையில ஒண்ணுமே தெரியாதவரா நிக்கிற அழகு இருக்கே, அது தனி. அவருக்கு ஜோடி சி.டி.ராஜகாந்தம், குண்டுமுத்துவா வருவாங்க. நாயகி ஆர்.பத்மா. லக்ஸ் சோப் விளம்பரத்துல வந்ததால அவங்க பெயரே ‘லக்ஸ் சோப் பத்மா’ன்னு ஆயிடுச்சு. அந்தக் கால ‘பிராண்ட் அம்பாசடர்’!

சரி, யார் இதைக் காப்பாத்துவா?

பழைய படங்களைக் காப்பாத்தறதுக்குப் பொதுவா மூணு சக்திகள் உண்டு. ஒண்ணு பக்தி. சாமி படம்னா திருவிழாவுக்குத் திருவிழா யாராவது ஓட்டுவாங்க. ரெண்டு ரசிகர் மன்றம். ‘கர்ண’னை டிஜிட்டல் பண்ணி 2012-ல திரும்ப ரிலீஸ் செய்தாங்க, ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014-ல வந்துச்சு. கட்-அவுட், பாலாபிஷேகம் எல்லாம் நடந்துச்சு. மூணு பாட்டு. பாகவதர் பாட்டுக்காகவே அவர் படங்களைத் தேடறவங்க உண்டு. ‘சபாபதி’க்கு இந்த மூணுமே கிடையாது. காளி என்.ரத்தினத்துக்கு எந்த ஊர்ல ரசிகர் மன்றம் இருக்கு?

இருந்தும் ‘சபாபதி’ பிழைச்சிருக்கு. என் கணிப்பு, தயாரிச்ச நிறுவனம் சாகாம வளர்ந்தது ஒரு முக்கியக் காரணம். அந்தக் காலத்துக் கம்பெனிகள் பல ஒண்ணு ரெண்டு படத்தோட மூடிக்கிட்டுப் போச்சு, அதோட பெட்டிகளும் போச்சு. தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’, 1931. அதுக்கே இன்னிக்குப் பிரதி கிடையாது. இந்தியாவின் முதல் பேசும் படம் ‘ஆலம் ஆரா’வுக்கும் அதே கதிதான். அதன் சுருள்களை, எடுத்தவர் குடும்பமே வெள்ளிக்காக வித்துட்டதா தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கின பி.கே.நாயர் சொல்லியிருக்கார்.

வெள்ளியா? ஆமா. இங்கே கொஞ்சம் கெமிஸ்ட்ரி லேப் பக்கம் போயிட்டு வரணும்.

கறுப்பு வெள்ளைப் படச்சுருள்ல நாம பாக்கிற கறுப்பு, உண்மையிலேயே வெள்ளி. ஜெலட்டின்ல கலந்த சில்வர் ஹாலைடு வெளிச்சம் பட்டு, டெவலப் ஆனதும் நுண்ணிய வெள்ளித் துகளா நிக்குது. ஓடி முடிச்ச பிரிண்டைக் கழுவி வெள்ளியைப் பிரிச்சு எடுக்கிறது அன்னிக்கு ஒரு தொழில். அதாவது படத்துல எவ்வளவு இருட்டுக் காட்சி இருந்துச்சோ அவ்வளவு லாபம். நகைச்சுவைப் படத்துல வெளிச்சம் அதிகம், வெள்ளி கம்மி. அதனால தப்பிச்சுச்சுன்னு சொல்ல ஆசைதான், ஆனா அது என் கற்பனை.

அடுத்தது சுருளின் அடிப்பொருள். 1950-களின் தொடக்கம் வரைக்கும் 35 மி.மீ. படங்களுக்கு அது செல்லுலோஸ் நைட்ரேட். வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன். எரியத் தேவையான ஆக்சிஜன் அதன் மூலக்கூறுக்குள்ளேயே இருக்கு. ஒரு தடவை பத்திக்கிச்சுன்னா தண்ணிக்குள்ள போட்டாலும் அணையாது. தீப்பிடிக்கலைன்னாலும், வருஷக்கணக்குல மெதுவா சிதைஞ்சு பிசுபிசுத்து, கடைசியில பழுப்புப் பொடியாயிடும். 2003 ஜனவரியில புனேயில நைட்ரேட் சுருள்கள் வச்சிருந்த கிடங்கு எரிஞ்சதுல நூத்துக்கணக்கான பழைய படங்களின் சுருள்கள் போச்சு. காப்பகத்துக்கே இந்த நிலைமைன்னா டெண்ட் கொட்டகைக்குச் சொல்லணுமா?

நைட்ரேட்டுக்குப் பதிலா வந்தது அசிடேட், ‘பாதுகாப்பு ஃபிலிம்’. சுலபமா தீப்பிடிக்காது, ஆனா புளிக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தா அசிடேட் நீராற்பகுப்பு அடைஞ்சு அசிட்டிக் அமிலத்தை வெளியிடும், அந்த அமிலமே அடுத்த சிதைவை வேகப்படுத்தும். டப்பாவைத் திறந்தா வினிகர் வாசனை வரும். செம்மங்குப்பத்துல பஸ்ஸுக்கு நின்னு பழகின மூக்குக்கு, சிப்காட் பக்கமிருந்து வர்ற பத்துப் பதினஞ்சு வாசனைகளுக்கு நடுவுல இதைப் பிரிச்சுக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்தான்! காப்பகங்கள்ல மூக்கை நம்பறதில்லை. சாயம் தோய்ச்ச சின்னக் காகிதப் பட்டையை டப்பாவுக்குள்ள போட்டு வைப்பாங்க. நீலம் பச்சையாகி மஞ்சளை நோக்கிப் போனா, அமிலம் ஏறுதுன்னு அர்த்தம். உங்க டைட்ரேஷன் பரிசோதனைக்கு ஒரு உருப்படியான பயன்.

இதோட உலகப் போர் வேற. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த ஒரே வாரத்துல ‘சபாபதி’ ரிலீஸ். அடுத்த ஏப்ரல்ல ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பயந்து மெட்ராஸே பாதி காலி. படச்சுருள் அப்போ முழுக்க இறக்குமதிச் சரக்கு, அதனால போர்க்காலத்துல ஒரு படம் 11,000 அடிக்கு மேல போகக்கூடாதுன்னு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டுச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு அடிக்கு 16 ஃபிரேம், வினாடிக்கு 24 ஃபிரேம், ஆக நிமிஷத்துக்கு 90 அடி. 11,000 அடின்னா ரெண்டு மணி ரெண்டு நிமிஷம். அதுக்கு முன்னாடி மூணு மணி நேரப் படமெல்லாம் சர்வசாதாரணம். காகிதத்துக்கும் தட்டுப்பாடு. இந்தக் காகிதத் தட்டுப்பாட்டை ஞாபகம் வச்சுக்கோங்க, இப்போ அதுக்குத்தான் வரப்போறோம்.

சேகரிக்கிறவங்க தேடறது எதை?

கலெக்டர்னா இங்கே மாவட்ட ஆட்சியர் இல்லை, சேகரிப்பாளர். படம்தான் யூடியூப்ல இருக்கே, அப்புறம் எதைச் சேகரிக்கிறாங்க? பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு, ஸ்டில், நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம். படத்தைச் சுத்தி இருந்த, தூக்கிப் போடறதுக்காகவே அச்சடிச்ச சமாச்சாரங்கள்.

இதுல ராஜா பாட்டுப் புத்தகம்தான். கொட்டகை வாசல்ல சில அணாவுக்கு வித்த மெல்லிசான புத்தகம். அட்டையில படம், உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டு வரிகள். கதைச் சுருக்கம் எப்பவும் பாதியில நிக்கும். வில்லன் கத்தியை ஓங்கின இடத்துல ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ன்னு போட்டுடுவாங்க. இன்னிக்கு வெப் சீரிஸ் பண்ற வேலையை அன்னிக்கே பண்ணியிருக்காங்க. வேடிக்கை என்னன்னா, பல படங்களுக்கு இப்போ வெள்ளித்திரையில காண ஒண்ணுமே மிச்சமில்லை. அந்தப் பாதிக் கதையும் பாட்டு வரிகளும்தான் மொத்தச் சாட்சி.

பிழைச்ச படத்துக்கும் அது தேவை. ஒரு பிரிண்ட் ஊர் ஊரா ஓடும்போது ரீலின் முன்பக்கமும் பின்பக்கமும் அறுந்து அறுந்து, ஒட்டி ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமா குறையும். ரீல் மாறுற இடத்துல வசனம் பாதியில குதிக்கிறதைப் பழைய படங்கள்ல பார்த்திருப்பீங்க. பேர் போடற டைட்டிலே சிலதுல முழுசா இருக்காது. யார் எந்த வேஷம், பாட்டு எந்த வரிசையில வந்துச்சு, எது வெட்டுப்பட்டதுங்கிறதைப் பாட்டுப் புத்தகத்தை வச்சுத்தான் சரிபார்க்க முடியும். மென்பொருள்காரங்க மொழியில சொன்னா, பிரிண்ட் கரப்ட் ஆன ஃபைல், பாட்டுப் புத்தகம் அதன் செக்சம்.

இசைத்தட்டு அடுத்தது. மெய்யப்பன் சினிமாவுக்கு வந்ததே இசைத்தட்டு வியாபாரத்துலேர்ந்துதான், அவருடைய சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலமா. நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற தட்டு, ஒரு பக்கத்துல சுமார் மூணு நிமிஷம். செய்த பொருள் நம்ம ஊர் அரக்கு, பூச்சி சுரக்கிற பிசின். கீழே விழுந்தா அப்பளம் மாதிரி நொறுங்கும். வி.ஏ.கே.ரங்கா ராவ் மாதிரி ஒருத்தர் பல்லாயிரம் தட்டுகளைச் சென்னையில பாதுகாத்து வச்சதால நமக்குத் தெரிய வந்த பழைய குரல்கள் ஏராளம்.

இந்த மாதிரி மனுஷங்களை நீங்க தெரிஞ்சுக்கணும். ரோஜா முத்தையா, காரைக்குடி பக்கம் கோட்டையூர்க்காரர், சைன்போர்டு எழுதற ஓவியர். புத்தகம், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, நாடக விளம்பரம்னு எல்லாரும் குப்பைன்னு சொன்னதை வீடு நிறையச் சேர்த்தார். அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்புதான் சிகாகோ பல்கலைக்கழக முயற்சியால 1994-ல சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமா உருவாச்சு. சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் அங்கே உண்டு. இன்னொருத்தர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். ‘நாடோடி மன்ன’னுக்கு மக்கள் தொடர்பாளரா வேலை பார்த்தவர், தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ.ன்னு சொல்வாங்க. ஸ்டில்லும் தகவலுமா அவர் சேர்த்ததைத் தமிழ்நாடு அரசே வாங்கிக்கிச்சு. 2016-ல காலமானார். இவங்க ரெண்டு பேருமே பணத்துக்காகத் தொடங்கலை. தொடங்கும்போது அந்தக் காகிதத்துக்கு மதிப்பே இல்லை.

இன்னிக்கு மதிப்பு இருக்கு, அதனால போலியும் இருக்கு. ஆன்லைன்ல ‘ஒரிஜினல் 1940-ஸ்’னு விக்கிறதுல பல, சமீபத்துல கலர் பிரிண்டர்ல அடிச்சது. கையில ஒண்ணு சிக்கினா எப்படிச் சோதிக்கிறது?

முதல்ல விலையைப் பாருங்க. அணாவுல போட்டிருந்தா 1957 ஏப்ரலுக்கு முந்தையதா இருக்க வாய்ப்பு அதிகம். ‘ந.பை.’ன்னு இருந்தா அது நயா பைசா, 1957-லேர்ந்து 64 வரைக்குமான சொல். அப்புறம் எழுத்து. ‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி முன்னாடி சுழிச்சு, ‘றா’, ‘னா’ எல்லாம் கீழே வளைஞ்சு இருந்தா பழைய எழுத்து. 1978-ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏத்துக்கிச்சு. 1941 புத்தகத்துல இன்னிக்கு நாம எழுதற ‘லை’ அச்சாகியிருந்தா விக்கிறவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு வந்துடுங்க. முகவரியில பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. கடைசிப் பக்கத்துக் கீழே அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கணும், 1867-ல வந்த சட்டம் அன்னிக்கு அதைக் கட்டாயமாக்கியிருந்துச்சு. இல்லைன்னா சந்தேகப்படலாம். தாளின் பின்பக்கம் விரலால தடவிப் பாருங்க. ஈய எழுத்துக் கோத்து அடிச்சதுல எழுத்து லேசா பின்பக்கம் புடைச்சு நிக்கும். இன்க்ஜெட்ல அது வராது. போர்க்காலப் புத்தகம்னா தாள் மட்டமா, பழுப்பா இருக்கும். பளபளன்னு இருந்தா அதுவே ஒரு கேள்வி.

சின்ன எச்சரிக்கை ஒண்ணு. பழைய படத்தின் அட்டையை மட்டும் புதுசா அடிச்சு, உள்ளே வேற புத்தகத்தின் பக்கங்களை வச்சுத் தைக்கிற வேலையும் நடக்கலாம். பின்னடிச்ச கம்பியின் துரு பக்கங்கள்ல ஒரே இடத்துல இறங்கியிருக்கான்னு பாருங்க. துருவைப் போலி பண்றது கஷ்டம்.

நம்ம ஊர்ல என்ன இருக்கு?

நேரம் குறைவுங்கிறதுதான் இங்கே உண்மையான பிரச்சினை. 1941-ல எட்டு வயசுல கொட்டகை மணல்ல உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்த குழந்தை இன்னிக்குத் தொண்ணூறைத் தாண்டியிருக்கும். அந்தத் தலைமுறை வச்சிருந்த டிரங்குப் பெட்டிதான் நமக்குக் கடைசி வாய்ப்பு. பரங்கிப்பேட்டையிலேர்ந்து கடலூர் ஓ.டி. வரைக்கும் நம்ம கடற்கரை வீடுகள்ல காகிதத்துக்கு எதிரி கரையான் மட்டும் இல்லை, உப்புக்காத்தும் ஈரமும் கூட. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல கூரை போன வீடுகள் எத்தனை, 2015 வெள்ளத்துல தண்ணி ஏறின வீடுகள் எத்தனை. அந்தச் சமயத்துல நனைஞ்சு போன பழைய பெட்டிகளை யாரும் கணக்கெடுக்கலை, எடுக்கிற நிலைமையிலயும் யாரும் இல்லை. மிச்சமிருக்கிறதைப் போகிக்கு எரிக்கிறோம், இல்லைன்னா கிலோ கணக்குல போடறோம்.

அதனால இந்த லீவுல ஊருக்குப் போனா, பரண்மேல ஏறிப் பாருங்க. தாத்தா, பாட்டி, கொள்ளுத்தாத்தா யாராவது இருந்தா ‘பாட்டுப் புத்தகம் வச்சிருந்தீங்களா?’ன்னு கேளுங்க. ‘பழைய பேப்பர் இருக்கா?’ன்னு கேட்டா இல்லைன்னுதான் பதில் வரும். ‘சபாபதி’ கிடைக்காட்டியும் பரவாயில்லை. பெயரே கேள்விப்படாத ஒரு படத்தின் புத்தகம் கிடைச்சா அது இன்னும் பெரிய விஷயம்.

கிடைச்சா என்ன செய்யணும்ங்கிறதைவிட என்ன செய்யக்கூடாதுங்கிறது முக்கியம். லேமினேட் பண்ணவே பண்ணாதீங்க. சூட்டுல பசை தாளுக்குள்ள இறங்கிடும், அப்புறம் அதை யாராலும் திருப்ப முடியாது. செல்லோடேப் ஒட்டாதீங்க, பத்து வருஷத்துல மஞ்சளாகித் தாளைத் தின்னுடும். வெயில்ல காய வைக்காதீங்க, நிழல்ல மின்விசிறிக் காத்து போதும். துருப்பிடிச்ச கம்பியை இழுக்காதீங்க, பின்பக்கம் கால்களை மெதுவா நிமிர்த்தி எடுங்க. பாலித்தீன் பையில இறுக்கிக் கட்டினா ஈரம் உள்ளேயே நிக்கும். அதனால சாதாரண வெள்ளைத் தாள் உறையில போட்டு, தரையில வைக்காம, கடலைப் பார்த்த சுவரை விட்டுத் தள்ளி வைங்க. படச்சுருள் டப்பா கிடைச்சா கதை வேற. விளக்கு, அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்துல இருக்கக்கூடாது, புரொஜக்டர்ல ஏத்திப் பார்க்கவும் கூடாது. அது நைட்ரேட்டா இருக்கலாம்.

மொபைல்ல போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினா அது பாதுகாப்பு இல்லை, அனுப்பும்போதே சுருங்கிடும். டிபார்ட்மெண்ட்ல ஸ்கேனர் இருக்குல்ல? 600 டிபிஐ, கலர்ல, அட்டை முதல் கடைசி விளம்பரம் வரை. விளம்பரத்தை விட்டுடாதீங்க, சிலருக்கு அதுதான் வேணும். ஃபைலுக்கு ‘ஸ்கேன்001’னு பேர் வைக்காம படத்தின் பெயர், வருஷம், எந்த ஊர்ல கிடைச்சதுன்னு எழுதுங்க. காப்புரிமை பயம் வரலாம். இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு உரிமை, வெளியான வருஷம் முடிஞ்சதுலேர்ந்து 60 வருஷம். அந்தக் கணக்குல 1941 படத்துக்கு 2001-ஓட முடிஞ்சிடுச்சு. பாட்டு எழுதினவருக்குக் கணக்கு வேற, அவர் இறந்த பிறகு 60 வருஷம். அதனால இணையத்துல ஏத்தறதுக்கு முன்னாடி யார் எழுதினதுன்னு பார்த்துக்கோங்க. சொந்த ஆராய்ச்சிக்கு ஸ்கேன் பண்ணி வைக்கிறதுக்குத் தடை இல்லை.

அசலை வச்சுக்க இடமோ மனசோ இல்லைன்னா எடைக்குப் போடாம, சென்னை தரமணியில இருக்கிற ரோஜா முத்தையா நூலகத்துக்கு எழுதிக் கேளுங்க. அதுவரைக்கும் எங்க இதழ்க் குழுவுக்கு அட்டைப்படத்தை மட்டுமாவது அனுப்புங்க. எந்த வீட்டுல எந்தப் படம் கிடைச்சதுன்னு நம்ம மாவட்டத்துக்கு ஒரு பட்டியல் போட்டு வச்சிருக்கோம். இப்போதைக்கு அதுல தலைப்பும் கோடும் மட்டும்தான் இருக்கு, முதல் வரிசை காலி.